கீப்பர் பால்ராஜ் போட்ட சத்தம்

பால்ராஜைப் பற்றிக் கேட்டால் பாக்டரி குவார்ட்டர்ஸில் யாரும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள். குடிக்க மாட்டான். யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் முதல் ஆளாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் நிற்பான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடைசி பெஞ்சு அவனுடையது. ஆறடி உயரம், முறம் மாதிரி இரண்டு கை. நாசரேத் பக்கத்துக் கிராமத்திலிருந்து அந்தக் கைகளை நம்பித்தான் ஆவடிக்கு ரயிலேறி வந்தான். இப்படிப்பட்ட மனுசன் ஒரே ஒரு வார்த்தையில் இன்னொருத்தன் குடியைக் கெடுத்தான் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் கெடுத்தான்.

பாக்டரியின் பேர் எதற்கு, விடுங்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே புட்பால் டீம் ஒன்று இருந்தது. பந்து ஆடத் தெரிந்த பையன்களைக் கேஷுவலாக எடுப்பார்கள். கேஷுவல் என்றால் இன்றைக்கு வேலை உண்டு, நாளைக்குக் கேட்டிலேயே நிறுத்தி 'போயிட்டு வா' என்றாலும் கேட்க நாதியில்லை. கால் ஓடுகிறவரை கேட் திறக்கும், கால் உடைந்தால் கேட் மூடும். பெர்மனன்ட் ஆகிவிட்டால் மட்டும் கவலை இல்லை. சம்பளம், குவார்ட்டர்ஸ், பென்ஷன், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று உயிர் உள்ளவரை சோறு. பால்ராஜ் கேஷுவல். அவனுக்கு முன்னால் நின்று ஆடிய கஜபதியும் கேஷுவல்.

கஜபதி கோவில்பதாகைக்காரன். ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம். நிலத்தில் பாதி பிளாட்டாகிப் போன பிறகு, மிச்சத்தை அண்ணன்கள் பார்த்துக்கொள்ள, இவன் பந்தோடு சுற்றினான். டீமில் ஸ்டாப்பர். கோலுக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்க வேண்டிய இடம் அது, அவனும் சுவர் மாதிரித்தான் நின்றான். பிராக்டிஸ் முடிந்து இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போவார்கள். பால்ராஜ் மிதிப்பான், கஜபதி கேரியரில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசிக்கொண்டே வருவான்.

பந்தாட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மைதானம் முழுக்கக் கண்ணுக்குத் தெரிவது கடைசியில் நிற்கிற கீப்பருக்கு மட்டும்தான். வருகிற பந்து தன் கைக்கு என்று பட்டால் 'கீப்பர்!' என்று ஒரு சத்தம் போடுவான். அந்தச் சத்தம் காதில் விழுந்த அடுத்த கணம் ஸ்டாப்பர் காலை எடுத்துவிட வேண்டும். திரும்பிப் பார்க்கக்கூடாது, யோசிக்கக்கூடாது. யோசித்தால் இரண்டு பேரும் மோதிக்கொண்டு பல் உடையும். கீப்பர் சொன்னால் சொன்னதுதான்.

"எம் மச்சான் கத்தினா ஏரியே ஒடைஞ்சிகினு வந்தாலும் நான் கால எடுத்துடுவேன்" என்று கஜபதி டீக்கடையில் பெருமை அடிப்பான். அவன் புதுப் பெண்டாட்டி கன்னியம்மாள் மேட்ச் பார்க்க வருவாள். வேலிக்கு வெளியே பூவரச மர நிழலில் நிற்பாள். "இன்னா அண்ணாத்தே, உங்க கொரலு பட்டாபிராம் தாண்டி கேக்குது. எங்க ஊட்டு ஆடெல்லாம் மெரண்டு ஓடுது" என்று பால்ராஜைக் கேலி பண்ணுவாள். அவனுக்கு வெட்கமாக இருக்கும், உள்ளூரச் சந்தோஷமாகவும் இருக்கும்.

பால்ராஜ் அப்போது கொரட்டூரில் ஒற்றை அறையில் குடியிருந்தான். மழை பெய்தால் ஏரித் தண்ணீர் தெருவுக்கு வரும், தெருத் தண்ணீர் அறைக்குள் வரும். சுவரில் ஆள் உயரத்துக்கு ஈரம். முதல் குழந்தை அந்த ஈரத்தில் சளி கட்டி மூன்றாம் மாதம் போய்விட்டது. மனைவி ஞானம்மாள் மறுபடி முழுகாமல் இருந்தாள். ஐந்து மாதம். இதையெல்லாம் அவனுக்குச் சாக்காகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொன்னேன். ஈரச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் எத்தனையோ பேர், எல்லாரும் கூட்டாளி கழுத்தை அறுத்துவிடவில்லை.

எண்பத்து நாலாம் வருஷம், லீக் மேட்ச். எதிர் டீம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதோ ஒரு கம்பெனியுடையது. ஜெயித்தால் அவர்கள் மேல் டிவிஷனுக்குப் போகலாம். பாக்டரி டீமுக்கு அந்த மேட்சால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. மூன்று நாள் முன்னால் ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரி ராஜசேகரன் பால்ராஜைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆபீசர். நெற்றியில் விபூதி, மேசையில் பிள்ளையார் படம், பேச்சில் தேன்.

"உனக்குப் பெர்மனன்ட் லிஸ்ட்ல பேர் போட்டிருக்கேன். சம்சாரம் மாசமா இருக்காங்களாமே. குவார்ட்டர்ஸும் பாத்துடலாம்" என்றார். பிறகு பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே, "சனிக்கிழமை ஒரு கோல் போனா யாருக்கும் ஒண்ணும் கொறைஞ்சிடாது, இல்லையா?" என்றார்.

பால்ராஜ் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மறுக்காததே போதும் என்று ராஜசேகரனுக்குத் தெரியும். அந்த ஆள் கோப்புகளில் நரைத்தவர்.

மேட்ச் முடியப் பத்து நிமிஷம் இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. மைதானத்தை ஒட்டி ரயில் பாதை. கார்னர் அடிக்கிற நேரம் பார்த்துக் கூட்ஸ் வண்டி ஒன்று தடதடவென்று வந்தது. பந்து வளைந்து இறங்கியது, நேராகக் கஜபதியின் காலுக்கு. சும்மா தட்டியிருந்தால் வெளியே போயிருக்கும். பால்ராஜ் வாயைத் திறந்து, "கீப்பர்!" என்றான்.

கஜபதி காலை எடுத்தான். பந்து அவனைத் தாண்டி வலது பக்கம் வந்தது. பால்ராஜின் எடை முழுக்க இடது காலில் இருந்தது. அரை நொடி கழித்துப் பாய்ந்தான். பாய்ச்சலில் குறை வைக்கவில்லை, மண்ணில் தோள்பட்டை தேயப் பாய்ந்தான். பந்து வலைக்குள் போனது. கூட்ஸ் வண்டி இன்னும் போய்க்கொண்டே இருந்தது. அவன் கத்தினது மைதானத்தில் கஜபதி ஒருத்தன் காதில்தான் விழுந்தது.

பார்த்தவர்கள் கண்ணில் பட்டது இவ்வளவுதான்: காலுக்கு வந்த பந்தை ஸ்டாப்பர் வேண்டுமென்றே விட்டான், பாவம் கீப்பர், பாய்ந்தும் பிடிக்க முடியவில்லை. தொழிலாளர்கள் செருப்பை வீசினார்கள். யூனியன் விசாரணை கேட்டது. விசாரிக்க உட்கார்ந்தவர் யார்? ராஜசேகரன்தான். நியாயம் அந்த அழகில் நடந்தது.

"கீப்பர் கத்தினான் சார், அதான் உட்டேன்" என்றான் கஜபதி. அதை அவன் பயமில்லாமல் சொன்னான். பக்கத்தில் நிற்கிற மச்சான் ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

ராஜசேகரன் பால்ராஜ் பக்கம் திரும்பினார். "கத்தினியாப்பா?"

"இல்லை சார்."

கஜபதி திட்டவில்லை, பாயவில்லை. என்னமோ காது சரியாகக் கேட்காதவன் மாதிரி பால்ராஜின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். பால்ராஜ் ராஜசேகரனின் மேசையில் இருந்த பிள்ளையாரைப் பார்த்தான்.

மறுநாள் கஜபதிக்குக் கேட் திறக்கவில்லை. இரண்டு மாதத்தில் பால்ராஜ் பெர்மனன்ட் ஆனான். அந்த மழைக்காலத்துக்கு முன்னால் குவார்ட்டர்ஸ் வந்தது. காய்ந்த சுவர், தனிக் குழாய், வாசலில் முருங்கை. அங்கேதான் ஜெகதாம்பாள் என்கிற பக்கத்து வீட்டம்மா கைப்பிடிக்க ஞானம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்குச் சளியே பிடிக்கவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் பால்ராஜ், தான் செய்தது சரிதான் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வான். கணக்கு ஒருநாளும் நேராகவில்லை.

கோவில்பதாகையில் கஜபதிக்குப் புதுப் பேர் வைத்தார்கள். சேல்ஸ்மேன். மேட்சை விற்றவனாம். முதலில் டீக்கடையில் கேலிக்குச் சொன்னது, பிறகு ரேஷன் கடை வரைக்கும் போய், அவன் கடைக்குள் நுழைந்தாலே "வாப்பா சேல்ஸ்மேன்" என்று ஆயிற்று. அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றப் போனான். சாராயம் பழகினான். வீட்டில் சண்டை வந்தால் கன்னியம்மாளும் அந்தப் பேரையே எடுத்து அடிப்பாள். "வித்த காசு எங்கய்யா? அதையாவது கண்ணுல காட்டுனியா?" என்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். இதெல்லாம் பாக்டரிக்கு வேலைக்கு வருகிற ஊர்க்காரர்கள் வாய்வழியாகப் பால்ராஜ் காதுக்கு வரும். கேட்டுக்கொண்டு ஸ்பானரை எடுத்து வேலையைப் பார்ப்பான். அவன் அதோடு பந்தாடுவதையும் விட்டுவிட்டான். தோள்பட்டை வலி என்று சொன்னான்.

ஒன்பது வருஷம் இப்படியே போனது. தொண்ணூற்று மூன்றில் அந்த மைதானத்துக்கு இரண்டு வேன் வந்து நின்றது. கோடம்பாக்கத்துக்காரர்கள். டிவிக்குப் பதின்மூன்று வாரத் தொடர் எடுக்கிறார்களாம். புட்பால் கிளப் ஒன்றின் செக்ரட்டரி டிரெஸ்ஸிங் ரூமில் செத்துக் கிடக்கிறார். இன்ஸ்பெக்டர் துப்புத் துலக்கிக்கொண்டே போனால், ரெபரியிலிருந்து கீப்பர் வரைக்கும் எல்லாரும் விலைபோனது தெரிய வருகிறது. டைரக்டர் பேர் ஜானகிராமன். ஒல்லியான ஆள், தொப்பி, எப்போதும் அவசரம். கீப்பர் வேஷத்துக்கு ரகுநாதன் என்று ஒரு நடிகன். முகம் நன்றாக இருந்தது. பந்து வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டான்.

அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பழைய கீப்பர் வேண்டும் என்றார்கள். பாக்டரியில் எல்லாரும் பால்ராஜைக் கையைக் காட்டினார்கள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் மாட்டேன் என்று கேட்பார்களே என்று பயந்து போனான். குற்றம் செய்தவனுக்கு இது ஒரு தொல்லை, சும்மா நிற்கக்கூட முடியாது.

முதல் நாளே ரகுநாதன் கேட்டான். "அண்ணே, தெரிஞ்சே கோல் விடணும், ஆனா பாக்கறவனுக்குத் தெரியக்கூடாது. அது எப்படிண்ணே?"

"எனக்கெப்படி சார் தெரியும்?" என்றான் பால்ராஜ், கேள்வி முடிவதற்கு முன்னாலேயே.

ஆனால் அவன் கைகால் சும்மா இருக்கவில்லை. அந்த நடிகன் தப்புத் தப்பாக விழுவதைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்காமல், "அப்படி இல்லை சார். எடை இடது கால்ல இருக்கணும். பந்து வலது பக்கம் வரும்போது அரை நொடி தாமதிக்கணும். ஆனா பாயற பாய்ச்சல் முழுசா இருக்கணும், அதுல கஞ்சத்தனம் காட்டினா மாட்டிக்குவோம்" என்று ஆரம்பித்தவன், நடிகன் தன்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பதை உணர்ந்து வாயை மூடிக்கொண்டான்.

ஜானகிராமன் பார்த்தார். முகம் தெரிகிற காட்சியை நடிகனை வைத்தும், தூரத்தில் நடக்கிற பாய்ச்சலைப் பால்ராஜை வைத்தும் எடுத்துவிடலாம் என்றார். நடிகனுடையது மாதிரியே மஞ்சள் பனியனை மாட்டிவிட்டார்கள். முன்னால் ஸ்டாப்பராக நின்றது பாஸ்கரன். பாக்டரி டீமில் அப்போது ஆடிக்கொண்டிருந்தவன், பழைய சங்கதி எதுவும் தெரியாதவன். காட்சி இவ்வளவுதான்: கார்னர் வரும், கீப்பர் தாமதமாகப் பாய்வான், கோல்.

பந்தை அடித்தார்கள். அது வளைந்து பாஸ்கரன் காலுக்கு இறங்கியது. பால்ராஜின் வாய் தானாகத் திறந்து, "கீப்பர்!" என்றது.

பாஸ்கரன் காலை எடுத்தான். பந்து வலது பக்கம் வந்தது, எடை இடது காலில் இருந்தது, அரை நொடி, பாய்ச்சல், வலை. பால்ராஜ் மண்ணில் குப்புறக் கிடந்தான். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

ஜானகிராமன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "ஏய், அந்தச் சத்தம்! அது ஸ்கிரிப்ட்ல இல்லையே! அவன் ஏன்யா காலை எடுத்தான்?"

பாஸ்கரன் அப்பாவியாகச் சொன்னான். "கீப்பர் கத்தினா நாங்க உட்டுடணும் சார். அதான் வழக்கம்."

டைரக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்தது. "அப்படின்னா, நம்பச் சொல்லிக் கூப்பிட்டே கழுத்தை அறுக்கறான்! அடேயப்பா! என்ன படுபாவியா இருப்பான்யா இவன்!" என்று பால்ராஜின் முதுகில் தட்டிக்கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒன்பது வருஷத்தில் அவனுக்கு முகத்துக்கு நேராகக் கிடைத்த முதல் தீர்ப்பு அது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மைக்கில் ரயில் சத்தம் ஏறிவிட்டதாம், குரல் தெளிவாக இல்லையாம். ஒரு மாதம் கழித்து சாலிகிராமத்தில் டப்பிங் ஸ்டுடியோவுக்கு வந்து கத்திவிட்டுப் போங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். ஆவடியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனான். இருட்டு அறை, முன்னால் திரை, கையெட்டும் தூரத்தில் மைக்.

திரையில் அவனுக்கே அவன் கோல் விடுவதைக் காட்டினார்கள். எண்பத்து நாலில் அவன் பார்த்ததெல்லாம் பந்து மட்டும்தான். இப்போது கேமரா முன்னாலிருந்து எடுத்திருந்ததில் ஸ்டாப்பரின் முகம் தெரிந்தது. சத்தம் கேட்டதும் அந்த முகத்தில் ஒரு நிம்மதி. 'அப்பாடா, மச்சான் பாத்துக்குவான்' என்கிற நிம்மதி. காலை எடுத்துவிட்டுச் சாதாரணமாகத் திரும்புகிறான். பந்து வலையில் இருப்பதைப் பார்த்த பிறகும் ஒரு கணம் அந்த நிம்மதி முகத்தை விட்டுப் போகவில்லை. அது பாஸ்கரனின் முகம். பால்ராஜுக்குக் கஜபதியாகத்தான் தெரிந்தது.

"ரெடியாண்ணே?" என்றார் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சவுண்டுக்காரர்.

தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு இறங்கி வந்திருக்கலாம். அவன் வாயைத் திறந்து கத்தினான். இந்தத் தடவை தானாக வந்தது என்று சொல்ல வழியில்லை. ஒருவேளை கஜபதிக்குக் கேட்கட்டும் என்றே கத்தினானோ என்னவோ. அவனிடம் தானே போய்ச் சொல்லத் தைரியமில்லாதவன், டிவிக்காரனிடம் சொல்லி அனுப்புகிற மாதிரி.

வியாழக்கிழமை சாயந்திரம் ஏழரைக்குத் தொடர் வந்தது. ஐந்தாவது வாரம் அந்தக் காட்சி. நம்ம பால்ராஜ் நடித்தது என்று பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ஜெகதாம்பாள் முறுக்கோடு வந்தாள். "கீப்பர்!" என்று டிவி கத்தியதும் எல்லாரும் கை தட்டினார்கள். ஞானம்மாள் தட்டவில்லை. கூட்டம் கலைந்த பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"உங்க சத்தம்லா அது? அன்னைக்கும் இப்படித்தான் கத்தினீங்களா?"

"சோத்தைப் போடு" என்றான் பால்ராஜ்.

அவள் சோறு போட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. இந்தக் காய்ந்த சுவர் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை மத்தியானம் கஜபதி குவார்ட்டர்ஸுக்கு வந்தான். ஒன்பது வருஷத்தில் பாதியாகியிருந்தான். கன்னம் ஒட்டி, கண் மஞ்சள் பூத்து, ஆனால் துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. உள்ளே வரவில்லை. முருங்கை மரத்தடியில் நின்றான்.

"இன்னா கீப்பரு, நல்லா கீறியா?"

பால்ராஜ் வாசற்படி இறங்கி வந்தான்.

"டிவில உன் கொரலு வந்துச்சாமே" என்றான் கஜபதி. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அத அவுங்க எழுதிக் குடுத்தாங்களா, நீயா கத்துனியா?"

பால்ராஜ் முருங்கை இலையைப் பார்த்தான். பார்ப்பதற்கு இங்கே பிள்ளையார் கூட இல்லை. "நானாத்தான்" என்றான்.

கஜபதி தலையை ஆட்டிக்கொண்டான். அவன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

"நான் ஆபீசராண்ட போ மாட்டேன். யூனியனாண்ட போ மாட்டேன். உன் வேலக்கி ஒண்ணும் வராது, பயப்படாத. எம் பொண்டாட்டிதான் நம்ப மாட்டேன்றா. ஒரே ஒரு வாட்டி ஊட்டாண்ட வந்து அவ எதிர்ல சொல்லிட்டுப் போ. ரெண்டு நிமிசம். அது போதும் எனக்கு."

"வாரேன்" என்றான் பால்ராஜ். "நாளைக்கு ஞாயிறு. சர்ச் முடிஞ்சதும் வாரேன்."

"வருவ இல்ல?"

"வாரேன்."

கஜபதிக்கு முகம் மாறியது. திரையில் பார்த்த அதே நிம்மதி. சைக்கிளை எடுத்துக்கொண்டு மெதுவாக மிதித்துப் போனான். பால்ராஜ் அந்த முதுகைத் தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் போகத்தான் செய்தான். அதைச் சொல்லிவிட வேண்டும். சர்ச்சிலிருந்து நேராகக் கோவில்பதாகைக்குச் சைக்கிளை விட்டான். ஏரிக்கரை திரும்பினதும் கஜபதியின் வீடு தெரிந்தது. வாசல் தெளித்துப் பெருக்கியிருந்தது. கஜபதி அதே இஸ்திரிச் சட்டையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு நாற்காலி. பச்சை ஒயர் பின்னிய கைப்பிடி வைத்த சேர், புத்தம் புதுசு. அதில் யாரும் உட்காரவில்லை. அது யாருக்குப் போட்டது என்று பால்ராஜுக்குப் புரிந்தது. எதிரியாக நடத்துவார்கள் என்று நினைத்துப் போனவனுக்கு விருந்தாளி சேர் போட்டு வைத்திருந்தால் என்ன செய்வது? அவன் சைக்கிளைத் திருப்பினான்.

அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு ஓவர்டைம். பிறகு மகளுக்குப் பரீட்சை. பிறகு ஊரில் பெரியப்பா சாவு. போகாமல் இருப்பதற்குக் காரணம் கிடைப்பது அத்தனை சுலபம். கோவில்பதாகைக்காரன் ஒருத்தன், சின்னப்பையன் என்று பேர், பாக்டரியில் இவனோடு ஒரே மெஷின் ஷாப்பில் வேலை. அவன் சிரித்துக்கொண்டே ஒருநாள் சொன்னான். "எங்க ஊரு சேல்ஸ்மேனுக்கு மறை கழண்டுகீது அண்ணாத்தே. ஞாயித்துக்கெழம ஆனா சட்ட மாட்டிகினு, பக்கத்துல ஒரு காலி சேரப் போட்டுகினு குந்திகினு கீறான். யார்னா உக்கார வந்தா தொரத்தறான்."

முதல் வருஷம் வேலை போய்விடும் என்று பயந்தான். தொண்ணூற்று ஐந்தில் ராஜசேகரன் மாலையும் கடிகாரமும் வாங்கிக்கொண்டு ரிடையரானார். அந்த மேட்சை நினைவு வைத்திருந்தவர்கள் பாக்டரியில் பத்துப் பேர் கூட இல்லை. எதிர்த்து ஆடிய அந்த அம்பத்தூர் கம்பெனி டீமே கலைந்துவிட்டது. இனி யாரும் அவனை ஒன்றும் செய்ய முடியாது. அப்போதும் போகவில்லை. பயம் போன பிறகு மிச்சம் இருந்தது வெட்கம், அதற்கு ரிடையர்மென்ட் கிடையாது. ஞானம்மாள் ஞாயிறு தோறும் அவன் சட்டையை எடுத்து வைத்துவிட்டு, "போயிட்டு வந்திருங்களேன்" என்பாள். எங்கே என்று அவளும் சொல்ல மாட்டாள், அவனும் கேட்க மாட்டான்.

தொண்ணூற்று ஏழு ஜனவரி, பொங்கல் முடிந்த மூன்றாம் நாள். காலையில் ஷாப்பில் சின்னப்பையனைக் காணவில்லை. மத்தியானம் வந்தவன், கஜபதி காமாலையில் போய்விட்டான் என்றான்.

பால்ராஜ் பர்மிஷன் கூடப் போடாமல் கிளம்பினான். சைக்கிளை எடுக்கத் தோன்றவில்லை. ஏரிக்கரை வழியாக நடந்தே போனான். தூரத்திலேயே மேளச் சத்தம் கேட்டது. வீட்டு முன்னால் பந்தல், கூட்டம். கஜபதியை உட்கார வைத்திருந்தார்கள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி, நெற்றியில் காசு, கழுத்தில் மாலை. உட்கார வைத்திருந்தது பச்சை ஒயர் சேரில்.

கன்னியம்மாள் தலைவிரி கோலமாகப் பக்கத்தில் தரையில் கிடந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது. பால்ராஜ் அவளுக்கு எதிரில் மண்டியிட்டான். மேளம் காதை அடைத்தது. அவன் குனிந்து அவள் காதருகில் சொன்னான்.

"அன்னைக்கு நான் கத்தினேன்மா. உன் புருசன் விக்கல. நான்தான் வித்தேன்."

பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் நெஞ்சில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டான். அவள் கத்துவாள், முகத்தில் துப்புவாள் என்று காத்திருந்தான். அவள் அவனை அடையாளம் கண்டுகொண்டு, வெறுமனே பார்த்தாள்.

"தெரியும்" என்றாள்.

அவனுக்கு விளங்கவில்லை.

"நாடகத்துல உன் கொரலு வந்துச்சே, அன்னிக்கே தெரியும். பஞ்சாயத்து டிவியாண்ட குந்திகினு இருந்தேன். மரத்தடில நின்னு எத்தினி மேட்சுல கேட்ட கொரலு, எனக்குத் தெரியாதா? அப்படியே எந்திரிச்சி ஓடியாந்து இந்த மனுசன் கால புடிச்சிகினு அழுதேன். ஒம்போது வருசமா உன்ன வாய்க்கு வந்தபடி பேசிட்டேனேய்யான்னு."

"அப்போ... நீ நம்பலைன்னு அவன் சொன்னானே" என்றான் பால்ராஜ்.

"அது சும்மா சொன்னது." அவள் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். "'எம் மச்சானுக்கு என் மூஞ்சப் பாத்து சொல்றதுக்கு வெக்கமா இருக்கும், உன்னாண்ட சொல்ற மாரி சொல்லட்டும், நான் பக்கத்துல குந்திகினு கேட்டுக்கறேன்'னு எங்காண்ட சொன்னாரு. குவார்ட்டர்ஸ்காரன் தரைல உக்காருவானான்னு பூந்தமல்லி போயி அந்தச் சேர வாங்கியாந்தாரு. நேத்து நெனவு போறதுக்கு மின்ன கூட இன்னிக்கு ஞாயித்துக்கெழமையான்னு கேட்டாரு."

மேளம் ஒரு சுற்று முடிந்து அடுத்ததற்கு மேளத் தோலை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"நீ வரவே இல்ல. சேரு சும்மாத்தான கீதுன்னு அவரையே உக்கார வெச்சிட்டோம்" என்றாள் கன்னியம்மாள். "எனக்கு எதுக்கு சொல்ற? போயி அவராண்ட சொல்லு."

பால்ராஜ் எழுந்து சேருக்கு முன்னால் போய் நின்றான். கஜபதியின் கண் முழுக்க மூடியிருக்கவில்லை. பட்டாபிராம் வரைக்கும் கேட்கிற குரல் பால்ராஜுக்கு. மறுபடி மேளம் எழும்பியது. "மச்சான், நான் கத்தினேன்" என்றான். அவனுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னான்.

பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள். "கொஞ்சம் நவுருங்க சார், மால போடணும்" என்றார் ஒரு பெரியவர். பால்ராஜ் நகர்ந்து நின்றான்.